மூன்றாவது செவ்வாய்

அச்சகத்தில் எல்லோரும் அவரைத் தேதியார் என்றே கூப்பிட்டார்கள். சொந்தப் பெயர் இல்லாமல் இல்லை. சம்பளப் பட்டியலில் அது இருந்தது, பிற்பாடு ஒரு வழக்குக் கட்டின் மேலட்டையிலும் ஏறியது. ஆனால் காலண்டர் அச்சடிக்கும் இடத்தில் இருபத்தாறு வருடம் மெய்ப்புத் திருத்திய மனிதருக்கு வேறு பெயர் ஒட்டாது.

அவருடைய வேலை இதுதான். அடுத்த வருடத்துக் காலண்டர் அச்சுக்குப் போகுமுன் ஒவ்வொரு தாளையும் பார்க்க வேண்டும். தேதிக்கு நேராகச் சரியான கிழமை விழுந்திருக்கிறதா, முப்பது நாள் மாதத்தில் முப்பத்தொன்று நுழைந்திருக்கிறதா, விடுமுறை நாள் சிவப்பில் இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஒருமுறை ஒரே மாதத்தில் இரண்டு பதினேழாம் தேதி வந்ததைக் கடைசி நிமிடத்தில் பிடித்தார். வருடம் பாதி போகும்போதே அவர் மேசையைச் சுற்றி அடுத்த வருடத் தாள்கள் கிளிப் போட்டுத் தொங்க ஆரம்பித்துவிடும். நாமெல்லாம் இந்த வருடத்தில் அல்லாடிக்கொண்டிருக்கும்போது தேதியார் அடுத்த வருடத்தில் குடித்தனம் நடத்திக்கொண்டிருப்பார். வீட்டிலோ நடப்பு வருடக் காலண்டர் என்று ஒன்று கிடையாது. கழித்துப்போட்ட தாள்களை அலமாரித் தட்டுகளில் விரித்திருந்தார்கள், அவ்வளவுதான். இன்றைக்கு என்ன கிழமை என்று தெரிய வேண்டுமானால் அவர் மனைவி ரேடியோவைப் போட்டுக் கேட்டுக்கொள்வார்.

தாளில் பிழை கண்டால் அந்தச் சிவப்புப் பென்சில் தயவு தாட்சண்யம் பார்க்காது. ஆளுக்கு நேரே நின்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமென்றால்தான் தேதியாருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். சலவைக் கடையில் ஒருமுறை வேறு யாருடைய சட்டையையோ மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். அவர் அதை வீட்டுக்கு எடுத்து வந்து, உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதி, சட்டைப் பையில் வைத்து, மறுநாள் கடை திறக்குமுன் அதன் கதவுக் கம்பியில் மாட்டிவிட்டு வந்தார். இதைக் கேட்டால் சிரிப்பு வரும். எனக்கும் வந்தது. ஆனால் இதே குணம்தான் அவர் மனைவியை ஒன்றரை வருடம் வீட்டுக்குள் அடைத்துப் போட்டது. அதை நினைத்தால் சிரிக்க முடியவில்லை.

அப்பா விட்டுப்போன மனை ஒன்று. முன்வீடு அண்ணனுக்கு, பின்வீடு தம்பிக்கு. முன்வீட்டை ஒட்டி நாலடி அகலத்தில் ஒரு சந்து. பின்வீட்டுக்காரர்கள் அதன் வழியாகத்தான் தெருவுக்கு வந்து போனார்கள். பின்வீட்டுக்கு இன்னொரு வழியும் இருந்தது. மனை சரிவில் இருந்ததால் அது இருபத்திரண்டு படி ஏறி மேல்தெருவில் போய் முட்டும்.

அண்ணன் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்தினார். சாயங்காலமானால் அவருடைய ஸ்கூட்டர்கள் மூன்றும் சந்தில் வந்து நிற்கும். தம்பி வேலை முடிந்து வரும்போது ஒருக்களித்து நடந்து, முழங்காலை இடித்துக்கொண்டு போக வேண்டியிருந்தது. 'அண்ணே, கொஞ்சம் தள்ளி நிறுத்துங்க' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். தேதியார் அதைச் சொல்லவில்லை. நகராட்சிக்கு மனு எழுதினார். மூன்று பக்கம், ஒரு எழுத்துப் பிழை கிடையாது. ஆட்கள் நாடாவோடு வந்து சந்தை அளந்து, அண்ணன் வீட்டுக் கதவில் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார்கள். அண்ணன் அதை நிதானமாகப் படித்தார். ஸ்கூட்டர்களை எடுத்தார். அடுத்த வாரமே சந்தின் தெருமுனையில் இரும்புக் கதவு போட்டு, வெளிப்பக்கம் பூட்டினார்.

"ஒரே சுவத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்துக்கிட்டு தபால்ல பேசுறான் என் தம்பி. அவனுக்கு எதுக்கு வழி?" என்று தெருவில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார்.

படி ஏறி இறங்கிப் பழகிக்கொண்டார்கள். அதுவரை அது ஒரு தொந்தரவு, அவ்வளவுதான். பிறகு ஒருநாள் மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்து, தகடு வைத்துத் தைத்து அனுப்பினார்கள். தினமும் சமதரையில் நடக்க வேண்டும், நடந்தால்தான் கால் வரும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். அந்த வீட்டுக்குச் சமதரை என்று இருந்தது சந்து ஒன்றுதான். வாக்கரைப் பிடித்துக்கொண்டு அவர் சந்தின் கடைசிவரை போவார், பூட்டிய கதவைப் பார்ப்பார், திரும்புவார். கதவுவரை முப்பத்தெட்டு அடி. அதற்கு அப்பால் பழக்கடை, மருந்துக்கடை, அவரோடு நின்று பேசும் நாலு பெண்கள், எல்லாம் இருந்தன. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமென்றால் அச்சகத்தில் பைண்டிங் செய்யும் இருவர் வந்து, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, இருபத்திரண்டு படியும் தூக்கிக்கொண்டு போவார்கள்.

"மூட்டை தூக்குற மாதிரி தூக்குறாங்க. கண்ணை மூடிக்கிறேன்" என்றார் அவர். "உங்க அண்ணன்கிட்ட வாயைத் திறந்து கேளுங்க. இல்லேன்னா கேஸ் போடுங்க. ரெண்டுல ஒண்ணு பண்ணுங்க."

இரண்டில் எதற்குத் தாள் தேவைப்படுமோ அதைத்தான் தேதியார் தேர்ந்தெடுத்தார் என்று சொல்லவே வேண்டாம்.

வழக்கு ஜோராகத்தான் ஆரம்பித்தது. வக்கீல் எழுதிய மனுவில் தேதியார் ஏழு பிழைகளைத் திருத்திக் கொடுத்தார். சந்தின் வரைபடத்தை அவரே அளவுகோல் வைத்துப் போட்டார். 'இப்படி ஒரு கட்சிக்காரர் எனக்குக் கிடைச்சதில்லை' என்று வக்கீல் தன் குமாஸ்தாவிடம் சொன்னாராம். பாவம், அவருக்கு அப்போது தெரியாது.

முதல் வாய்தாவுக்குத் தேதியார் ஒழுங்காகப் போனார். கூடத்தில் கூட்டம். உட்கார இடம் தேடிக்கொண்டு நின்றபோது, ஜன்னலோரப் பெஞ்சில் ஒரு ஆள் தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு இடம் விட்டார். உட்கார்ந்த பிறகுதான் அது அண்ணன் என்று தெரிந்தது. கறுப்புக் குடையை ஜன்னல் கம்பியில் மாட்டியிருந்தார். 

"சாப்பிட்டியா?" என்று கேட்டார் அண்ணன்.

தேதியார் தலையை ஆட்டினார். அது ஆமாம் என்ற ஆட்டலா இல்லை என்ற ஆட்டலா என்று அவருக்கே தெரியவில்லை. வழக்கைக் கூப்பிட்டு, வாதியின் சாட்சியத்துக்கு ஒரு நாள் குறித்து அனுப்பிவிட்டார்கள். அதாவது அடுத்த முறை தேதியார் கூண்டில் ஏறி, இந்த மனிதர் என் மனைவியின் வழியை அடைத்தார் என்று, அந்த மனிதர் பார்த்துக்கொண்டிருக்க, வாயால் சொல்ல வேண்டும்.

அடுத்த முறை அவர் லீவு போட்டார், சலவைச் சட்டை போட்டார், பஸ் ஏறினார், நீதிமன்ற வாசல்வரை போனார். ஜன்னலில் கறுப்புக் குடை தொங்கியது. அப்படியே திரும்பி, எதிரே இருந்த நூலகத்தில் போய் உட்கார்ந்து, மதியம்வரை பத்திரிகைகளில் அச்சுப்பிழை தேடினார். வீட்டுக்கு வந்து, "வாய்தா போட்டுட்டாங்க" என்றார். அதில் பொய் எதுவும் இல்லை. வாய்தா போட்டது நிஜம்தான். போடவைத்தவர் யார் என்பதை மட்டும் சொல்லவில்லை.

இப்படியே ஐந்து முறை. குமாஸ்தா அச்சகத்துக்குப் போன் செய்து சத்தம் போடுவார். இவர் காய்ச்சல் என்பார், பல்வலி என்பார், மறுபடி காய்ச்சல் என்பார். மூன்றாவது முறை நீதிபதி எச்சரித்தார். நான்காவது முறை, வீணாக வந்து போன எதிர்த்தரப்புக்கு வாதி செலவுத்தொகை கட்ட வேண்டும் என்று உத்தரவு போட்டார். தேதியார் அதைச் சத்தமில்லாமல் கட்டினார், அண்ணன் ரசீதில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார். ஐந்தாவது முறை நீதிபதி, இதுதான் கடைசி வாய்ப்பு, அடுத்த நாளும் வாதி வராவிட்டால் வழக்கு தள்ளுபடி என்று எழுதினார்.

அன்று மாலை குமாஸ்தாவின் போன் வந்தது. "அடுத்த மாசம் மூணாவது செவ்வாய். கடைசி. வரலைன்னா அவ்வளவுதான், கட்டைத் தூக்கி மேல போட்டுடுவாங்க. நானும் இனிமே போன் பண்ண மாட்டேன்."

அந்தக் கூடத்தில் இந்த மாதிரி வழக்குகளைச் செவ்வாயில்தான் எடுப்பார்கள். அதனால் குமாஸ்தா தேதி சொல்ல மாட்டார், எத்தனையாவது செவ்வாய் என்றுதான் சொல்வார். தேதியாருக்கோ கிழமையைக் கேட்டால் கை தானாகத் தாளுக்குப் போகும். எதிரே தொங்கிய தாளில் அந்த மாதத்தைப் பார்த்தார். செவ்வாய்க்கிழமைகள் ஏழு, பதினாலு, இருபத்தொன்று. இருபத்தொன்றைச் சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டார். லீவுச் சீட்டிலும் இருபத்தொன்று என்று எழுதினார்.

இந்த முறை போகத்தான் போகிறார் என்பதில் சந்தேகமே இல்லை. அந்த வாரம் ஒருநாள் சந்தின் கோடிக்குப் போன மனைவி, திரும்பி வராமல் கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றதை அவர் பார்த்தார். மருந்துக்கடைக்காரப் பெண் கம்பி வழியே ஏதோ சொல்ல, இவரும் சிரித்துக்கொண்டிருந்தார். ஜெயிலில் ஆள் பார்க்க வந்த மாதிரி இருந்தது தேதியாருக்கு. அன்று மெய்ப்புப் பார்க்க முடியவில்லை. கூண்டில் சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதி, மனப்பாடம் செய்தார்.

இருபத்தொன்றாம் தேதி அவர் கூடத்துக்குள் நுழைந்தபோது ஜன்னலில் குடை இல்லை. பெஞ்சுகளில் பாதி காலி. இருந்தவர்களில் ஒரு முகமும் தெரிந்த முகமில்லை. மேடைக்குக் கீழே உட்கார்ந்திருந்த எழுத்தரிடம் போய் வழக்கு எண்ணைச் சொன்னார்.

"அது செவ்வாய்க்கிழமைக் கட்டாச்சே" என்றார் எழுத்தர்.

"இன்னிக்கு செவ்வாய்தானே?"

"இன்னிக்கு திங்கள்."

எழுத்தர் பதிவேட்டைப் புரட்டினார். மூன்றாவது செவ்வாய் பதினைந்தாம் தேதியே வந்து போயிருந்தது. மூன்று முறை கூப்பிட்டார்கள், வாதி இல்லை, வழக்கு தள்ளுபடி. தேதியாருக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் வட்டமிட்டது அடுத்த வருடத்து மாதத்தில். அடுத்த வருடம் அந்த மாதம் புதன்கிழமை பிறக்கிறது, இந்த வருடம் செவ்வாய்க்கிழமையே பிறந்துவிட்டது. அவர் கையெழுத்துப் போட்ட தாளில் எந்தப் பிழையும் இல்லை. அவர்தான் வேறு வருடத்தில் இருந்தார்.

வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். "முப்பது நாளுக்குள்ள மனு போட்டு, வராததுக்குத் தக்க காரணம் காட்டினா வழக்கைத் திரும்ப எடுப்பாங்க. காய்ச்சலை மூணு தடவை செலவு பண்ணியாச்சு. இப்ப என்னத்தைக் காட்டுறது?"

"நடந்ததையே காட்டலாம்" என்றார் தேதியார்.

வேறு வழியில்லாமல் அந்தத் தாளையே மனுவோடு சேர்த்துக் கொடுத்தார்கள். இதை வீட்டில் மறைக்க முடியவில்லை. மனைவி தாளை வாங்கிப் பார்த்து, முதலில் சிரித்தார். "ஊருக்கெல்லாம் நாள் குறிச்சுக் கொடுக்குற ஆள்" என்றார். பிறகு, "நானும் வரேன்" என்றார்.

"எதுக்கு? படி ஏறணுமே."

"தூக்கட்டும். என் வழிக்கு நடக்குற கேஸ், நான் ஒருநாளும் பார்த்ததில்லை."

பைண்டர்கள் இருவரும் வந்து மேல்தெருவரை தூக்கி, நாற்காலியோடு வாடகைக் காரில் ஏற்றி, கூடவே வந்தார்கள். நீதிமன்றத்தில் சாய்தளம் இருந்தது, அதில் அவர் வாக்கரோடு தானே நடந்து ஏறினார். கூடத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். ஜன்னலோரப் பெஞ்சில் குடையும் அண்ணனும் இருந்தார்கள்.

நீதிபதி நடுத்தர வயதுப் பெண்மணி. தாளைத் தூக்கிப் பிடித்து, சிவப்பு வட்டத்தையும் மேலே இருந்த வருடத்தையும் மாறிமாறிப் பார்த்தார். "இதை நான் நம்புறேன்" என்றார். வக்கீலின் முகம் மலர்ந்தது. "அந்த ஒரு நாளுக்கு இது காரணம், சரி. இதுக்கு முன்னாடி அஞ்சு நாள் இருக்கே?"

எழுத்தர் எழுந்து ஒவ்வொரு நாளாகப் படித்தார். தேதி, வாதி கூப்பிட்டும் வரவில்லை. அடுத்த தேதி, வாதி கூப்பிட்டும் வரவில்லை. குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. அந்தத் தேதிகள் ஒவ்வொன்றும் கடைசி வரிசையில் இருந்தவருக்குத் தெரியும். சலவைச் சட்டையின் மேல் பட்டனை அவர்தான் போட்டுவிட்டு அனுப்பியிருந்தார். இரண்டாவது தேதியன்று தேதியார் வாக்கருக்குப் புது ரப்பர் குமிழ் வாங்கி வந்து, ஜட்ஜ் லீவு என்று சொன்னதும் அவருக்கு ஞாபகம் இருந்தது. தேதியாருக்குத் திரும்பிப் பார்க்கத் தைரியமில்லை. இருபத்தாறு வருடப் பழக்கத்தில் காது மட்டும் பட்டியலில் பிழை தேடியது. ஒன்றும் அகப்படவில்லை.

"அந்த அஞ்சு நாளும் எங்க இருந்தீங்க?" என்று கேட்டார் நீதிபதி.

"எதிர்ல, நூலகத்துல இருந்தேங்க."

"ஏன்?"

தேதியார் மனப்பாடம் செய்ததில் இதற்குப் பதில் இல்லை. "அண்ணன் உக்காந்திருந்தாருங்க" என்றார். "அவரைப் பார்த்துக்கிட்டே அவரைப் பத்திச் சொல்ல முடியலைங்க."

கூடத்தில் யாரோ சிரித்து, உடனே நிறுத்திக்கொண்டார். அண்ணன் மடியிலிருந்த பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க சங்கடம் எனக்குப் புரியுது" என்றார் நீதிபதி. "ஆனா வழக்குப் போட்டது நீங்க. நீங்க இழுத்துவிட்ட ஆள் தவறாம வந்து உக்காந்திருக்கார். அபராதம் போட்டும் நீங்க வரலை, கடைசின்னு சொல்லியும் வரலை. நான் இன்னும் எத்தனை நாள் வெச்சிருக்க முடியும்?" மனு தள்ளுபடி என்று எழுதிக் கையெழுத்திட்டார். அடுத்த கட்டை எடுத்துவிட்டார்கள்.

வெளியே வராந்தாவில் வக்கீல், மேல் நீதிமன்றத்துக்குப் போகலாம், அங்கே வாய்ப்பு இருக்கிறது என்று ஏதோ சொன்னார்.

"அங்கயும் இவர்தானே போகணும்" என்றார் மனைவி. 

காரில் மனைவி டிரைவர் பக்கத்தில் முன்சீட்டில் ஏறிக்கொண்டார். மேல்தெரு திருப்பம் வந்தபோது டிரைவரிடம், "கீழ்த்தெருவுக்கு விடுங்க" என்றார். அண்ணன் வீட்டு வாசலில் நிறுத்தச் சொல்லி இறங்கி, இரும்புக் கதவுக்கு முன்னால் நாற்காலியைப் போடவைத்து உட்கார்ந்தார். பைண்டர்களுக்கு நன்றி சொல்லி அனுப்பிவிட்டார்.

"இங்க எதுக்கு? அவங்களை அனுப்பிட்டா யார் தூக்குவாங்க?" என்றார் தேதியார்.

"யாரும் தூக்க வேண்டாம். அஞ்சு நாள் என்னை ஏமாத்தினீங்க. நான் ஒண்ணும் கேக்கலை. இந்தக் கதவைத் திறக்கச் சொல்லுங்க, நான் நடந்து வீட்டுக்குப் போறேன்."

அண்ணனின் ஸ்கூட்டர் தெருமுனையில் திரும்பி வந்து நின்றது. அவர் ஹெல்மெட்டைக் கழற்றி, நாற்காலியைப் பார்த்தார், வாக்கரைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார்.  மனைவி அண்ணன் பக்கம் திரும்பவே இல்லை. புருஷனை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.  தேதியாருக்கு ஓடிப்போக அங்கே நூலகம் இல்லை.

"அண்ணே" என்றார்.  "கதவைத் திறங்கண்ணே. அவ நடக்கணும்."

 அண்ணன் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தார். கதவின் சாவி அதில்தான் இருந்தது, வீட்டுச் சாவிக்குப் பக்கத்திலேயே. "இதைச் சொல்ல உனக்கு ஒண்ணரை வருஷம் ஆச்சு" என்றார். "நகராட்சி சொல்லிச்சு, வக்கீல் சொன்னாரு, நோட்டீஸ் சொல்லிச்சு. நீ சொல்லலை."

பூட்டைத் திறந்து, கதவைச் சுவரோடு தள்ளினார். மனைவி வாக்கரை ஊன்றி எழுந்து உள்ளே போனார். நடுவில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். யாரும் கைகொடுக்கவில்லை, அவர் கேட்கவும் இல்லை. தேதியார் காலி நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தார்.

"சாவி தர மாட்டேன்" என்று அண்ணன் பின்னாலிருந்து சொன்னார். "கோர்ட்ல ஜெயிச்சது நான். வேணும்னா வந்து கேளு, திறக்கிறேன்." கதவு மூடிப் பூட்டு விழுகிற சத்தம் கேட்டது.

இது நடந்து நாலு வருடம் ஆகிறது. இப்போது தேதியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். வீட்டுச் சுவரில் நடப்பு வருடக் காலண்டர் தொங்குகிறது, மனைவியே ஆணி அடிக்கச் சொன்னது. தினமும் காலை ஏழு மணிக்குத் தேதியார் பின்பக்கம் இருபத்திரண்டு படி ஏறி, மேல்தெருவைச் சுற்றிக் கீழ்த்தெருவுக்கு வந்து, அண்ணன் வீட்டுக் கதவைத் தட்டுகிறார். "அண்ணே, கதவு" என்கிறார். அண்ணன் சாவியோடு வருகிறார். மனைவி சந்து வழியாகத் தெருவுக்குப் போய், பழக்கடை பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டுத் திரும்புகிறார். இப்போது வாக்கர் இல்லை, கைத்தடிதான்.

தாளில் எழுதிய உரிமை எதுவும் அவர்களுக்குக் கிடையாது. அண்ணனுக்கு எழுபத்தொரு வயதாகிறது. முன்வீட்டை விற்கப் போவதாக அவர் மகன் எல்லோரிடமும் இப்போதே சொல்லிக்கொண்டிருக்கிறான். அண்ணன் இருக்கும்வரைதான் இந்த வழி. வழக்கை ஒழுங்காக நடத்தியிருந்தால் அது யார் இருந்தாலும் இல்லாவிட்டாலும் திறந்தே இருந்திருக்கும் என்பது தேதியாருக்குத் தெரியும், அவர் மனைவிக்கும் தெரியும். 

போன வாரம் ஒருநாள் தட்டியும் பதில் வரவில்லை. இரண்டாம் முறை தட்டினார். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. ஒரு காலத்தில் எந்த முகத்தைப் பார்க்க முடியாமல் நூலகத்துக்கு ஓடினாரோ, அந்த முகம் வரவில்லையே என்று ஜன்னல் வழியே உள்ளே தேடினார். மூன்றாம் முறை இரண்டு கையாலும் தட்டினார், "அண்ணே, அண்ணே" என்று தெருவே கேட்கக் கூப்பிட்டார். மருந்துக்கடைக்காரப் பெண் எட்டிப் பார்த்தாள்.

உள்ளே செருப்பு தேய்கிற சத்தம் கேட்டது.

"வரேன்டா" என்றது அண்ணன் குரல். "குளிச்சுக்கிட்டிருந்தேன். கதவை உடைச்சிடாதே."